துண்டு போட்ட தீவு

என் கணவர் அமெரிக்காவின் இயற்கை அழகை முக்கால்வாசி கார் பார்க்கிங்கிலிருந்துதான் பார்த்திருக்கிறார். சிறு வயதில் வந்த போலியோவில் அவருடைய இடது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம் வரை கம்பியும் தோல் பட்டையுமாக ஒரு காலிப்பர், வலது கையில் ஒரு தடி. சமதளத்தில் யாருக்கும் குறையாமல் நடப்பார். ஆனால் அருவி, மலை உச்சி, பள்ளத்தாக்கு என்று பலகை வைத்திருக்கும் எந்த இடத்துக்கும் பார்க்கிங்கிலிருந்து ஒரு பாதை கிளம்பும். அதில் வேர் இருக்கும், பாறை இருக்கும், படி இருக்கும். "நீங்க போய்ட்டு வாங்க" என்பார். நானும் மகளும் மற்ற குடும்பங்களோடு போய், பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும்போது காரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பேப்பர் தீர்ந்துவிட்டால் காரோடு கொடுத்த மேனுவலை எடுத்துப் படிப்பார். எங்கள் காரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு அதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

தொண்ணூறுகளில் நாங்கள் நியூ ஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இருந்தோம். சனிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக், லாங் வீக்கெண்ட் வந்தால் நாலைந்து குடும்பமாக வேன் எடுத்துக்கொண்டு எங்காவது பயணம். இவருக்கு அந்த ஊரில் பிடித்த முதல் விஷயமே கார்தான். இடது காலுக்கு வேலையே இல்லாத கார் என்று ஆட்டோமேட்டிக்கைப் பற்றி ஊருக்கு போன் செய்து என் மாமனாரிடம் அரை மணி நேரம் சொன்னார். ஊனமுற்றோருக்கான பார்க்கிங் அட்டையை வாங்கி க்ளவ் பாக்ஸில் போட்டு வைத்திருந்தார். பனி கொட்டும் நாளில் மட்டும் வெளியே வரும். மற்ற நாளில் நான் அதைக் கண்ணாடியில் மாட்டப் போனால் ஒரு முறைப்பு கிடைக்கும். அந்த முறைப்புக்கு நான் பயந்ததில்லை, ஆனால் அட்டையைத் திரும்ப வைத்துவிடுவேன்.

இவரைத் தண்ணீரில் இறக்கிவிட்டவர் டாக்டர். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுப்பவர், வெளியே யாரையும் தூங்க விடாமல் பேசுகிறவர். கடலோரத்தில் வளர்ந்தவருக்கு நியூ ஜெர்சியின் உள்பக்கம் மூச்சு முட்டியிருக்க வேண்டும். யாரோ வீட்டுப் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் கனூ ஒன்றை வாங்கிவந்து, இரண்டு பேர் துடுப்பு போடும் அந்த நீளப் படகைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஐசே, இறங்கி வாரும்" என்றார் இவரிடம். "இதுக்குக் கால் தேவையில்லை. கைதான் வேணும். உம்மட கையைப் பாரும், தடி ஊன்டி ஊன்டி மல்யுத்தக்காரன்ர கை மாதிரி இருக்கு."

அன்று பக்கத்து ஊர் ஏரியில் இவர் துடுப்பு போட்டதை நான் கரையில் நின்று பார்த்தேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருக்க, இவர் பின்னால் உட்கார்ந்து படகை நேர்கோட்டில் கொண்டுபோனார். எங்களுக்குக் கல்யாணமாகி அதுவரை, அவர் எதிலும் என்னைவிட வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. கரையில் நான் நிற்பதும் அவர் தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போவதும் எனக்குப் புதிது. அடுத்த மாதமே நாங்களும் ஒரு கனூ வாங்கினோம்.

வடக்கே, ஆறு மணி நேர ட்ரைவில், கனடா எல்லைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதில் ஒரு பாதி மோட்டார் படகுக்காரர்களுக்கு. அங்கே தீவுகளில் டெண்ட் போட்டுத் தங்க போனிலேயே ரிசர்வ் பண்ணலாம். மறு பாதியில் இருக்கும் தீவுகள் எல்லாம் பாதுகாக்கப்பட்ட காடு. மோட்டார் கூடாது, துடுப்பு மட்டும்தான். அங்கே ரிசர்வேஷன் கிடையாது. தீவுக்கு ஓரிரண்டு கேம்ப் சைட், அதில் எண் எழுதிய ஒரு கம்பம், நெருப்பு மூட்டக் கல் வளையம், அவ்வளவுதான். முதலில் வருகிறவருக்கு இடம். கம்பம் இல்லாத இடத்தில் டெண்ட் போட்டால் அபராதம்.

முதல் தடவை, ராத்திரி மோட்டலில் தங்கி, பகல் பயணமாகத்தான் போனோம். தீவுகளைச் சுற்றிவந்தபோதுதான் எனக்குச் சங்கதி புரிந்தது. எல்லாத் தீவுகளின் கரையும் பாறை. இல்லையென்றால் மரவேர்கள் பின்னிய செங்குத்தான மண். படகில் ஏறும்போதே இவர் காலிப்பரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். படகு கவிழ்ந்தால் அந்த இரும்பு ஆளை அடியில் இழுத்துவிடும். காலிப்பர் இல்லாமல் அவரால் எழுந்து நிற்க முடியாது. இறங்குவதென்றால் முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும், அடியில் மணல் வேண்டும், உட்கார்ந்து காலிப்பரை மாட்டிக்கொள்ளக் கொஞ்சம் தரை வேண்டும். அத்தனை தீவுகளிலும் அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஒரு தீவின் மேற்கு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மணல். அதற்கு மேலே ஒரு கேம்ப் சைட். நாங்கள் அதை மணல் சைட் என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

அன்று அது காலியாக இருந்தது. இவர் இறங்கி, மாட்டிக்கொண்டு, பைன் மரங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். புளியோதரையைப் பிரித்தேன். சாப்பிட்டோம். கிளம்பும்போது, "ஒரு நாள் ராத்திரி இங்க தூங்கணும்" என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஊர் சுற்றும் விஷயத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்டது அவ்வளவு சின்ன விஷயம். ஒரு ராத்திரி. ஒரு டெண்ட் அளவுக்கு இடம். அது கிடைக்க நாங்கள் பட்ட பாட்டில் க்ரீன் கார்டே வாங்கியிருக்கலாம்.

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். நாங்கள் மூவரும் ஒரு படகில், டாக்டரும் அவர் மனைவியும் இன்னொன்றில். மணல் சைட்டில் ஒரு பச்சை டெண்ட் நின்றது. ஆள் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. வெயிலில் படகிலேயே காத்திருந்தோம். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. "நோபடி இஸ் ஈவன் தேர்" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

இவருக்கு மட்டும் சிரிப்பு. "டவுன் பஸ் மாதிரியே இருக்கு" என்றார். "துண்டு போட்டுட்டுப் போயிருக்கான்."

மகளுக்கு அது புரியவில்லை. அவளுக்கு விளக்கினார். கடலூரில் பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே ஓடிப்போய் ஜன்னல் வழியாகச் சீட்டில் துண்டைப் போட வேண்டும். கர்ச்சீப், புத்தகம், எதுவானாலும் சரி. போட்டுவிட்டால் அந்தச் சீட் உனக்கு. அப்புறம் நீ சாவகாசமாக ஏறி வரலாம். நடுவில் யாராவது உட்கார வந்தால் பக்கத்தில் இருப்பவர், உன்னை முன்பின் பார்த்திராதவர், "ஆள் வருது" என்று தடுத்துவிடுவார். காலேஜ் நாளில் இவருக்காக ஓடிப்போய்த் துண்டு போட ஒரு கூட்டமே இருந்ததாம். பஸ்ஸில், தியேட்டரில், ரயிலில், கல்யாணப் பந்தியில். "நான் நின்னுட்டுப் போனதே கிடையாது, தெரியுமா" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

சாயங்காலம் நாலு பேர் ஆளுக்கொரு சின்னக் கயாக் படகில் வந்தார்கள். வியாழக்கிழமையிலிருந்து அங்கே தங்குகிறார்களாம், பகலில் மற்ற தீவுகளைச் சுற்றப் போயிருந்தார்களாம். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். அடுத்த தடவை சீக்கிரம் வரச் சொன்னார்கள். இருட்டுவதற்குள் கரை சேர வேண்டுமே என்று திரும்பித் துடுப்பு போட்டோம். ஆறு மணி நேரம் கார் ஓட்டி வந்தது, பாத்திரம் பாத்திரமாகச் சமைத்து வந்தது, எல்லாம் ஒரு பச்சைத் துணி முன்னால் ஒன்றுமில்லாமல் போனது. தீவில் தின்னக் கட்டிவந்த சப்பாத்தியை மோட்டலில் பிரித்துத் தின்றோம்.

திங்கட்கிழமை, இவருக்குத் தெரியாமல், ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்கு என் ஆபீஸிலிருந்து போன் போட்டேன். என் கணவருக்குக் கால் இப்படி, அவரால் இறங்க முடிந்த இடம் அது ஒன்றுதான், ஒரே ஒரு ராத்திரிக்கு ரிசர்வ் பண்ண முடியுமா என்று கேட்டேன். போனில் பேசிய அம்மாள் மிகவும் கனிவாக, அந்தப் பக்கத்தில் யாருக்குமே ரிசர்வேஷன் கிடையாது என்றார். காட்டுக்குள் எல்லோரும் சமம், அதுதான் அதன் அழகு என்றார். மோட்டார் பக்கம் போகலாமே என்றும் சொன்னார். மோட்டார் பக்கம் இறங்குதுறை எல்லாம் இடுப்புயரப் பலகை மேடை. கனூவின் தாழ்ந்த இருக்கையிலிருந்து அதில் ஏறக் கால் வேண்டும். எல்லோரும் சமமாம். மற்றவர்களுக்கு அத்தனை தீவும் இருக்கிறது, இவருக்கு ஒன்றுதான் இருக்கிறது, அதையும் அவர்களே வந்து பிடித்துக்கொள்ளலாம். இது என்ன சமம்? நான் கோபத்தில் போனை வைத்த சத்தத்தில் பக்கத்து க்யூபிக்கிளில் இருந்தவன் எட்டிப் பார்த்தான்.

அதற்கடுத்த கோடை, உலகமே கம்ப்யூட்டரில் தேதி மாறப் போவதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த வருஷம். இவர் வேலை அதேதான். பழைய ப்ரோக்ராம்களைத் தோண்டித் திருத்துவது. லீவ் என்ற வார்த்தையையே மேனேஜர் காதில் வாங்கவில்லை. கெஞ்சி ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் வாங்கினார். அரை நாளில் கிளம்பினால் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். வெள்ளி சாயங்காலம் மணல் சைட் காலியாக இருக்காது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. போன வருஷத்துக்காரர்கள் செய்ததை நாமும் செய்தால் என்ன? டாக்டரிடம் சொன்னேன்.

"அருமையான ஐடியா அக்கா" என்றார். "நாங்கள் முதல் போய் டெண்டை அடிச்சுப்போட்டு வருவம். இவருக்குச் சொல்லாதேங்கோ, ஆள் வந்து பாத்து அசந்துபோகட்டும்."

நான், டாக்டர், அவர் மனைவி, மூவரும் முன்னாலேயே சாமான்களோடு போய்விடுகிறோம், நீங்கள் ஆபீஸ் முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று இவரிடம் சொன்னேன். விடியற்காலையில் கிளம்பி, மத்தியானம் தீவில் இருந்தோம். மணல் சைட் காலி! டாக்டர் ஒரு கூத்தே ஆடினார். எங்கள் நீல டெண்டை அடித்து, நாலு மூலையும் இழுத்துக் கட்டினோம். அது போதாதென்று இவருடைய ஈரிழைத் துண்டு ஒன்றை வாசலில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். ஒரு ஆள் இங்கேயே இருப்பது நல்லதோ என்று நான் கேட்டேன். டாக்டரின் மனைவியைப் பார்த்தோம்.

"தனியவோ?" என்றார் அவர். "கரடி வந்தால் என்ன, துண்டைப் பாத்திட்டு ஆள் இருக்கெண்டு போகுமோ?"

சிரித்துக்கொண்டே மூவருமாகக் கரைக்குத் திரும்பினோம். எங்களுக்குச் சந்தேகமே இல்லை. துண்டு கிடந்தால் அது ஆள் இருக்கிற சீட். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த நியாயம் அது. அமெரிக்காக்காரனும் அதைத்தானே செய்தான், எங்கள் கண்ணெதிரே.

இவரும் மகளும் வந்து சேர்ந்தபோது சாயங்கால வெயில் இன்னும் மிச்சமிருந்தது. "இந்நேரம் யாராவது புடிச்சிருப்பாங்க" என்றார் படகில் உட்கார்ந்து காலிப்பரைக் கழற்றிக்கொண்டே. "சரி, பாத்துட்டாவது வருவோம்." டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தீவின் மூலை திரும்பியதும் முதலில் என் கண்ணில் பட்டது புகை. கல் வளையத்தில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. ஓர் அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் குச்சியில் எதையோ குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டெண்ட் சிவப்பு. எங்களுடையது மணலில், மடித்து, உறையில் போட்டு, கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் மேல் நாலாக மடித்த துண்டு. பக்கத்தில் ஒரு ரேஞ்சர் பெண் நின்றிருந்தாள். சின்ன வயசு, வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது.

அவள் பொறுமையாக விளக்கினாள். ராத்திரி தங்குகிறவர்கள் பகலில் வெளியே போகலாம், அது வேறு. ஆள் வந்து தங்குவதற்கு முன்னாலேயே காலி டெண்டைப் போட்டு இடம் பிடிப்பது விதிக்கு விரோதம். நிறைய பேர் செய்கிறார்கள், பார்த்தால் எடுத்துவிடுவோம். இந்தக் குடும்பம் வந்தபோது இங்கே யாரும் இல்லை. துண்டு மிகவும் அழகாக இருந்ததால் பத்திரமாக மடித்து வைத்தேன், என்றாள்.

நான் வாதாடினேன். படகில் உட்கார்ந்தபடியே, குரல் உயர்த்தி, இவருடைய காலைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரேஞ்சரின் முகம் இளகிவிட்டது. அதுதான் தப்பாகப் போனது. முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். படகுத் துறைப் பக்கம், பார்க்கிங்கை ஒட்டி, வீல் சேர் போகிற மாதிரி சிமெண்ட் தரை போட்ட சைட் ஒன்று இருக்கிறதாம். மேசைகூட உண்டாம். இப்போதே ரேடியோவில் சொல்லி அவருக்காகப் பிடித்து வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டாள். கேள்வியை என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் இல்லை.

இவர் துடுப்பை நீட்டி டெண்ட் மூட்டையைப் படகுக்கு இழுத்தார். "நோ, தேங்க் யூ" என்றார். படகைத் திருப்பினார்.

டாக்டரால் பேசாமல் இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். படகுகளைக் காரில் ஏற்றிய பிறகு, மகள் காருக்குள் போய்க் காதில் வாக்மேனை மாட்டிக்கொண்ட பிறகு, இவர் காலிப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அந்தத் துண்ட நீதான் கட்டுனியா?"

"ஆமா. உங்களுக்காகத்தான்."

"தெரியும். எனக்காகத்தான்." பட்டை கொக்கியில் சரியாக மாட்டவில்லை. மறுபடி இழுத்தார். "பொறந்ததுலேர்ந்து யாராவது எனக்குத் துண்டு போட்டுட்டே இருக்காங்க. நான் எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லிட்டே இருக்கேன். இந்த ஒரு எடத்துக்காவது நானே போய், இருந்தா ஒக்காரலாம், இல்லேன்னா திரும்பலாம்னு பாத்தேன். அதுலயும் துண்டா?"

எனக்கும் கோபம் வந்தது. விடியற்காலையில் எழுந்து, கார் ஓட்டி, கொசுக்கடியில் டெண்ட் அடித்தவள் நான். "அப்ப எப்படித்தாங்க அந்த எடம் கெடைக்கும்? அவங்க சட்டம் அப்படி, ஒங்க ரோஷம் இப்படி. நடுவுல நான் என்னதான் பண்றது?" என்று கத்தினேன். பார்க்கிங்கில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் அந்தச் சண்டை முடியவேயில்லை. பிரிட்ஜ்வாட்டர் வரும்வரை காரில் ரேடியோ மட்டும் பேசியது.

தேதி மாறியது, உலகம் அழியவில்லை. திருத்த வேண்டியதெல்லாம் திருத்தி முடிந்ததும் திருத்தியவர்களுக்கு வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது. கடைசியில் இவருக்கு ஹூஸ்டனில் ஒரு ப்ராஜெக்ட் கிடைத்தது. ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும். வீட்டை விற்று, சாமானைப் பெட்டியில் போட்டு, மகளை அவள் சிநேகிதிகளிடமிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டிய அவசரத்தில், ஜூலையில் ஒரு காலை காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த செவ்வா, புதன் ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஏரிக்குப் போறோம். நீயும் நானும் மட்டும். யாருகிட்டயும் சொல்லாத, முன்னாடி போகாத, போன் பண்ணாத."

போன் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மகளை அவள் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். செவ்வாய்க்கிழமை ஏரியில் ஈ காக்கை இல்லை. தண்ணீர் அசையவில்லை. இவர் பின்னால், நான் முன்னால். இந்த முறை யார் வரப்போகிறார்கள் என்று எனக்கு மனதுக்குள் பாட்டுகூட வந்தது. மூலை திரும்பினோம். டெண்ட் இல்லை, புகை இல்லை. மணலுக்குக் குறுக்கே ஒரு கயிறு இருந்தது.

கயிற்றில் ஒரு பலகை. கரை தேய்ந்துவிட்டதால் இந்த சைட் மூடப்பட்டிருக்கிறது, தாவரங்கள் மீண்டும் வளர இடம் கொடுங்கள். மணலுக்கு மேலே முழங்கால் உயரச் செடிகள் வரிசையாக நடப்பட்டிருந்தன. எண் எழுதிய கம்பத்தைப் பிடுங்கிய குழிகூட மூடியிருந்தது.

இவர் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல இருந்தது. யாரைத் திட்டுவது? கரை உண்மையிலேயே தேய்ந்துதான் போயிருந்தது. இறங்கச் சுலபமான இடம் என்று எல்லோரும் அதிலேயே இறங்கியிருக்கிறார்கள். தேய்த்தவர்களில் நாங்களும் உண்டு. அந்தச் செடிகளைக்கூட என்னால் வெறுக்க முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"யாருமே இல்லீங்க" என்றேன். "கயித்துக்கு அந்தப் பக்கம், செடி மேல படாம, ஒரு ராத்திரி. காலைல போயிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"வேணாம்."

"நாம ஆகஸ்ட்ல போயிடறோங்க. இனிமே எப்ப வரப் போறோம்?"

"வேணாம்னா வேணாம்." கயிற்றை விட்டார். "பின்னாடி பக்கம் ஒரு சைட் இருக்கில்ல?"

இருந்தது. தீவின் மறுபக்கத்தில். நீரிலிருந்து சரிவாக ஏறும் பாறை, அதன் மேல் ஆளுயரத்துக்கும் கொஞ்சம் அதிகமான உயரத்தில் தரை. பகல் பயணத்தில் அதைப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று கடந்து போனோம். இப்போது படகைப் பாறையோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து காலிப்பரை எடுத்து, பட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வேர்வை துடைக்க எப்போதும் தோளில் போடும் துண்டும் அதோடு கிடந்தது.

"கையக் குடுக்கறேன்" என்றேன்.

"படகப் புடி. அது போதும்."

பாறைக்கு முதுகு காட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே படகிலிருந்து பாறைக்கு மாறினார். இடது காலைக் கையால் தூக்கி இழுத்து வைத்தார். மறுபடி கையை ஊன்றினார், உடம்பைத் தூக்கினார், ஒரு சாண் மேலே போனார். காலை இழுத்தார். ஓரிடத்தில் பாசி. வழுக்கி, ஏறியதில் பாதியை இழந்தார். கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. அவரிடம் அந்த வார்த்தை இருந்ததே எனக்குத் தெரியாது. மறுபடி ஆரம்பித்தார். நான் துடுப்பால் படகைப் பாறையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோள் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கக் கை இல்லை.

பின்னாளில் ஹூஸ்டனில் இதைக் கேட்ட ஓர் ஆன்ட்டி, "வாட் அ ஸ்டோரி! நம்ம பசங்களுக்கு இதையெல்லாம் சொல்லணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை நான் தன்னம்பிக்கைக் கதையாக யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மனிதர் ஒரு ராத்திரி படுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதற்குப் பின்புறமாகப் பாறையில் தவழ வேண்டியிருந்தது. அதில் கைதட்ட என்ன இருக்கிறது?

விளிம்பைத் தாண்டி அவர் தலை மறைந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

"ஏங்க?" என்றேன். "ஏங்க!"

படகை ஒரு வேரில் கட்டிவிட்டு, டெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு எட்டில் மேலே ஏறினேன். எனக்கு நாலே எட்டுதான்.

பைன் மரத்தில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேண்ட் கிழிந்திருந்தது, உள்ளங்கை இரண்டும் ரத்தம். காலிப்பர் இன்னும் கழுத்தில் தொங்கியது. துண்டு மட்டும் கழுத்தில் இல்லை. பக்கத்தில், கொஞ்சம் சமமாக இருந்த தரையில், அதை விரித்து அதன் மேல் ஒரு கையை அழுத்தி வைத்திருந்தார். சுற்றி ஏரியில் ஒரு படகு இல்லை, தீவில் எங்களைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த மரங்களைப் பார்த்துக் கறாராகச் சொன்னார்.

"ஆள் வருது."

நான் போய் உட்கார்ந்தேன்.